தலை கிழக்கே

"உங்கம்மா இப்போ எங்க இருக்கா?"

அப்பா இதைக் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பின்பக்கக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அம்மா செத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. மறதி வியாதி இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்.

"கல்லறைத் தோட்டத்துலப்பா," என்றாள் பதமாக. "மூணாவது வரிசை, கடைசிக்கு முந்தின கல்லு."

"எனக்கே வழி சொல்றியா? அந்தக் குழியோட நீள அகலம் எனக்குத் தெரியாதா?" மண்வெட்டியைப் புரட்டி அடுத்த பக்கத்தைத் தேய்த்தார். "அங்க இருக்கறது அவ உடம்பு. அவ எங்க?"

"கர்த்தர்கிட்ட."

"யார் சொன்னா?"

"போதகர்தான். இன்னிக்குக் காலையிலகூடச் சொன்னாரே, கடிகாரக் கடைக்காரரோட அம்மா அடக்கத்துல."

அவர் அதற்காகவே காத்திருந்தவர் போலத் திரும்பினார். "என்ன சொன்னார்? ஒன்பதரைக்கு வீட்டுல வச்சு, 'அம்மா இப்பவே பரதீசுல இருக்காங்க, நம்மளப் பாத்துச் சிரிச்சிட்டு இருக்காங்க'ன்னார். சரி. பத்தரைக்குக் குழிக்கிட்ட வந்து, 'கடைசி எக்காளம் கேக்கற வரைக்கும் இந்த மண்ணுல தூங்குவாங்க'ன்னார். ஒரு மணி நேரத்துல கிழவி மேல போயிட்டுத் திரும்பிக் கீழ இறங்கி வந்துட்டாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மறதி இல்லை என்று தெரிந்த நிம்மதியும் அதில் இருந்தது. "ரெண்டும் வேதத்துல இருக்குப்பா."

"ரெண்டும் எப்படி இருக்கும்? பஸ்ஸுல ஏறிப் போனவன் நிறுத்தத்துலயும் நின்னுட்டு இருப்பானா?"

"உயிர் மேல, உடம்பு கீழன்னு சொல்வாங்க."

"அப்போ தூங்கறது யாரு?"

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்ற பிறகுதான் அடுத்ததைச் சொன்னார்.

"உங்கம்மாவ நான் மாத்தி வச்சிட்டேன்."

"என்னது?"

"தலை கிழக்கே இருக்கு. ஏழு வருஷமா."

பிழியாத போர்வை அவள் கையிலிருந்து காலில் சொட்டிக்கொண்டிருந்தது. குழி வெட்டுகிறவர் மகள் அவள். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"மேல போயிட்டான்னா ஒண்ணுமில்ல," என்றார் அவர். "உடம்பு எப்படிக் கிடந்தா என்ன? ஆனா அவ அங்கதான் படுத்திருக்கா, எக்காளத்துக்காகக் காத்துட்டுத் தூங்கறான்னா..." அதை முடிக்கவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நீதான் ரெண்டு பாஷை படிச்சவளாச்சே. பாத்துச் சொல்லு. நம்ம பாஷை வேதத்துல அகப்படலைன்னா, நீ பள்ளிக்கூடத்துல படிச்ச பாஷை வேதத்துல பாரு. அதுல கொஞ்சம் தெளிவாப் போட்டிருந்தாலும் போட்டிருக்கும்."

*

அவரை எல்லாரும் தோட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலயத்துக்குச் சொந்தமான கல்லறைத் தோட்டத்தில் அவர் ஒரு செடிகூட வைத்ததில்லை. இருந்தாலும் குழிவெட்டி என்று முகத்துக்கு நேரே கூப்பிட யாருக்கும் மனசு வராது. நாளைக்கு அவர் கையில்தானே போய்ச் சேர வேண்டும். சவப்பெட்டி செய்யும் பெட்டிக்காரர் மட்டும் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"என்ன தோட்டக்காரரே, இத்தனை வருஷமா நட்டுட்டே இருக்கீங்களே, ஏதாவது முளைச்சுதா?"

"விதையெல்லாம் நல்ல விதைதான். மழைதான் இன்னும் வரலை."

இருபத்தொன்பது வயதில், இடிந்து விழுந்த சுற்றுச்சுவரைக் கட்ட வந்த கொத்தனார் கூட்டத்தில் கல் சுமக்கும் ஆளாக வந்தவர். வந்த இரண்டாம் வாரம் அப்போதைய குழிவெட்டுகிறவர் செத்துப்போனார். குழி வெட்டுகிறவருக்குக் குழி வெட்ட ஆள் இல்லை. கல் சுமக்க வந்தவர் மண்வெட்டியை வாங்கி வெட்டினார். சுவர் கட்டி முடிந்து மற்றவர்கள் போனார்கள். இவர் போகவில்லை.

வேலையில் அவர் கறார். கால் கிழக்கே, தலை மேற்கே. கடைசி நாளில் எழுந்து உட்காரும்போது முகம் நேராகக் கிழக்கைப் பார்க்க வேண்டும். வருகிறவர் அந்தப் பக்கமிருந்துதான் வருவார். அந்தத் தோட்டத்துக்குக் கிழக்கே சோப்புத் தொழிற்சாலையின் புகைபோக்கி நின்றது. வருகிறவர் அதைத் தாண்டித்தான் வர வேண்டும் என்று அம்மா சிரிப்பாள். போதகர்களுக்கு மட்டும் திசை மாற்றம். அவர்களைத் தலை கிழக்கே வைப்பார்கள். எழும்போது தங்கள் சபையின் முகத்தைப் பார்த்து எழ வேண்டும் என்று. மற்ற எல்லாருக்கும் ஒரே திசை. ஒவ்வொரு குழிக்கும் முளை அடித்து, நூல் பிடித்து, அரை அங்குலம்கூடக் கோணாமல் வெட்டுவார். பெட்டி தூக்கி வருகிறவர்கள் அசட்டையாக இருந்தால் பிடிபிடி என்று பிடித்துவிடுவார். "நாளைக்கு எந்திரிச்சு இந்த மனுஷன் யாரடா பாப்பான்? சுவத்தையா?"

அம்மா பெட்டிக்காரருக்குத் தையல் வேலை செய்தாள். பெட்டிக்குள் விரிக்கும் வெள்ளைத் துணி, ஓரத்துச் சுருக்கு, தலைக்கு வைக்கும் சின்னத் தலையணை எல்லாம் அவள் கைவேலை. ஜன்னலோரத்தில் தையல் இயந்திரம். அது ஓடும் சத்தத்துக்கு மேலே அவள் பேச்சு. ஓயாமல் பேசுவாள். மகள் வாயே திறக்காதவள் என்பதால் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததும் அம்மாதான். "ரெண்டு பாஷை படிச்சு என்ன புண்ணியம், ஒண்ணுலயாவது பேசறியாடி?" என்பாள்.

ஆலயத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, ஆராதனை முழுவதும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அப்பா அவள் முழங்கையைக் கிள்ளுவார். "முன்னாடி பாருடி."

"யார் யார் வந்திருக்காங்கன்னு பாக்க வேண்டாமா? கடவுள் முன்னாடிதான இருக்கார், எங்க போயிடப் போறார்?"

சிறுநீரகம் கெட்டு, மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து, நாற்பத்தொன்பது வயதில் அவள் போனாள். அவளுக்கான துணியை அவளே தைத்து மடித்து வைத்திருந்தாள். தலையணைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பஞ்சு அடைத்திருந்தாள்.

குழியை நான்தான் வெட்டுவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். வெட்டினார். அடக்கத்தன்று மட்டும் அவரைக் கயிறு பிடிக்க விடவில்லை. "இன்னிக்கு நீங்க வேலைக்காரர் இல்ல, சொந்தக்காரர். ஓரமா நில்லுங்க," என்றார்கள். இரவல் ஷூ ஜோடி ஒன்றை மாட்டிவிட்டார்கள். வேலைக்கு ஆற்றுக்கு அப்பாலிருந்த கல்லறையில் குழி வெட்டுகிறவரை வரவழைத்தார்கள். அக்கரைக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். கை சுத்தமான வேலைக்காரர்.

அன்று விடாத மழை. முன்வாசல் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர். ஊர்வலம் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தது. பெட்டியை எப்போதும் கால்பக்கம் முன்னால் வரும்படிதான் தூக்கி வருவார்கள். மேற்கே இருக்கும் முன்வாசல் வழியாக வந்தால் அப்படியே இறக்கிவிடலாம். கால் தானாகக் கிழக்கே அமையும். கிழக்கே இருக்கும் பின்வாசல் வழியாக வந்தால், இறக்குவதற்கு முன் பெட்டியை முன்பின்னாகத் திருப்ப வேண்டும். மழைக்காலம்தோறும் அப்பா செய்து பழகிய காரியம் அது.

குழியோரம் சேறும் சகதியுமாக இருக்கும் என்று தெரிந்த அக்கரைக்காரர், பின்வாசலுக்கு வெளியே தெருவிலேயே பெட்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டார். குடைக்குள் சொந்தக்காரர்களோடு நின்ற அப்பா அதைப் பார்க்கவில்லை. பின்வாசல் வழியாகப் பெட்டி வருவதை மட்டும் பார்த்தார். வாய் தானாகக் கத்தியது.

"திருப்புங்கடா! திருப்பாம எங்கடா இறக்கறீங்க?"

அக்கரைக்காரர் ஒரு கணம் தயங்கினார். அவர் தோட்டம், அவர் பெண்டாட்டி, அவருக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். திருப்பினார்கள். அது நேர்ப்பெட்டி, இரண்டு பக்கமும் ஒரே அகலம். தலைப்பக்கம் எதுவென்று தெரிய அப்பா போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு மழையில் கரைந்துபோயிருந்தது. மேலே ஆலயத்துத் துணி போர்த்தியிருந்தது. துணியை எடுத்துவிட்டுக் கயிற்றில் இறக்கினார்கள். பெட்டி அடியில் போய் உட்கார்ந்தது.

கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா குனிந்தார். மூடிப் பலகையில் ஒரு கணு இருந்தது. கறுப்பாக, ஒரு கண் போல. பெட்டியை மூடும்போது அது அவள் தலைமாட்டில் இருந்தது அவருக்கு நன்றாக ஞாபகம். இப்போது அது புகைபோக்கிப் பக்கம் இருந்தது.

கயிறுகள் இன்னும் பெட்டிக்கு அடியில்தான் இருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலே தூக்கித் திருப்பி இறக்கிவிடலாம்.

அக்கரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "உருவட்டுமா அண்ணே?"

அப்பா தலையை ஆட்டினார். கயிறுகளை உருவிவிட்டார்கள்.

"நாப்பது பேர் நின்னாங்கம்மா," என்று அந்தச் சனிக்கிழமை மகளிடம் சொன்னார். "எத்தனை பேர நான் திட்டியிருப்பேன்! 'நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்'னு அவங்க முன்னாடி சொல்ல வாய் வரலை. துக்கத்துல மதி கெட்டுப்போச்சுன்னு சொன்னா நீ நம்புவே. அது பொய். வெக்கமா இருந்துச்சு. வெறும் வெக்கம்."

மகளும் அன்று அதே குடைக்குள் நின்றவள்தான். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. வெட்கம் எப்படி ஒரு ஆளின் நாக்கைக் கட்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலயத்தில் வேத பாடம் வாசிக்க அவளை மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் தொண்டைக் கட்டு என்று சொல்லிவிட்டாள். பேச வேண்டாத வேலை என்றுதான் ஆலய அலுவலகத்தில் மரண அறிவிப்புகளை இரண்டு மொழிகளிலும் தட்டச்சு செய்யும் வேலைக்குச் சேர்ந்தாள்.

*

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவியதும், சாப்பாட்டு மேசையில் இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோடு போட்ட நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டாள். அப்பா எதிர்நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்.

பழைய பகுதியில் செத்தவர்கள் மேலே போவதாக அநேகமாக எங்கும் இல்லை. நல்லவர், கெட்டவர், ராஜா, கூலி எல்லாரும் கீழேதான் இறங்கினார்கள். பாதாளம் என்று ஓர் இடம். அங்கே தீ இல்லை. வெளிச்சமும் இல்லை. தூசி. மௌனம். அங்கே போனவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கடவுளைத் துதிக்கவும் அங்கே யாருக்கும் வாயில்லை.

"பேச்சே கிடையாதா?" என்றார் அப்பா.

"கிடையாதாம்."

"உங்கம்மா எப்படி இருப்பா அங்க?"

அவள் நோட்டை மூடி வைத்தாள்.

மறுநாள், சாம்பலில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளி செத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்ட இடத்தை வாசித்தாள். அங்கே பெரியவனும் சின்னவனும் ஒன்றாகக் கிடக்கிறார்கள். அடிமைக்கு எஜமான் இல்லை. வேலை வாங்குகிறவன் அதட்டும் குரல் கேட்பதில்லை.

"மேஸ்திரி சத்தம் கேக்காதா? அட, பரவாயில்லையே."

அதற்கடுத்த நாள், ஒரு கொடுங்கோல் ராஜா செத்து உள்ளே வரும்போது முன்னால் செத்த ராஜாக்கள் எல்லாம் எழுந்து, நீயும் எங்களைப் போலத் தளர்ந்துபோனாயா என்று கேலி பேசும் இடம்.

"பேசறாங்களே! பேச்சே இல்லன்னு நேத்து முந்தாநாள் சொன்னியே?"

"அது வேற ஆள் எழுதினதுப்பா."

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் யார நம்பறது?"

யுத்தத்துக்குப் பயந்த ஒரு ராஜா, குறி சொல்லும் பெண்ணிடம் போய், செத்துப்போன கிழவரான தீர்க்கதரிசியை எழுப்பச் சொன்ன கதையில்தான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிழவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வருகிறார். ஏன் என்னைத் தொந்தரவு செய்தாய் என்று கேட்கிறார்.

"எங்கேருந்து வந்தார்? மேல இருந்தா, கீழ இருந்தா?"

அவள் இரண்டு புத்தகத்தையும் பார்த்தாள். "பூமிக்குள்ள இருந்து."

"நல்லவர்தானே அவர்?"

"ரொம்ப நல்லவர்."

"அப்போ நல்லவரே கீழதான் படுத்திருந்திருக்கார்," என்றார் அப்பா. அன்றைக்கு அதோடு எழுந்து போய்விட்டார். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே ஆறிக் கிடந்தது.

புதிய பகுதிக்கு வந்ததும் அவளுக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. புண்ணை நாய்கள் நக்கிய பிச்சைக்காரனைத் தூதர்கள் முற்பிதாவின் மடிக்குத் தூக்கிப் போனார்கள். பக்கத்துச் சிலுவையில் சாகக் கிடந்த திருடனுக்கு, இன்றைக்கே என்னோடு இருப்பாய் என்று வாக்குக் கிடைத்தது.

"இன்னிக்கேவா? ரெண்டு பாஷையிலயும் பாத்தியா?"

"ரெண்டுலயும் இன்னிக்கேன்னுதான் இருக்கு."

"மடியில இருக்கறவளுக்குத் திசை எதுக்கு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்று ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளைக்குக் குறித்து வைத்திருந்த பக்கத்தை அவள் வாசிக்காமல் தள்ளிவிட்டாள். நோட்டை மூடி, "அவ்வளவுதான்பா," என்றாள்.

"எக்காளம்?"

அவள் நோட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"தூங்கறவங்க எக்காளச் சத்தத்துல எந்திரிப்பாங்கன்னு வருமே. அதை விட்டுட்டியே." கோபமாகச் சொல்லவில்லை. முப்பத்து நாலு வருஷம் குழியோரத்தில் நின்று கேட்டவர். அவள் மறைத்த பக்கம்தான் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

கொஞ்சம் பொறுத்துக் கேட்டார்: "போயிட்டுத் திரும்பி வந்தவங்க யாருமே இல்லையா அதுல?"

"ஒருத்தர் இருக்கார். நாலு நாள் கல்லறையில கிடந்து எந்திரிச்சு வந்தவர்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. வெளியே வந்தார், சுத்தியிருந்த துணிய அவுத்து விட்டாங்க, அப்புறம் விருந்துல உக்காந்திருந்தார். அவர் பேசினதா ஒரு வரிகூட இல்ல."

"யாரும் கேக்கலையா?"

"கேட்டதா எழுதலை."

"நாலு நாள் அங்க இருந்துட்டு வந்திருக்கான் மனுஷன். பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்காங்க. ஒருத்தனுக்குக்கூடக் கேக்கணும்னு தோணலையா?" மேசையைத் தட்டினார். "நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன்."

*

அந்த வாரத்திலேயே அவர் போதகரைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தார். வந்து ஒன்றரை வருஷமே ஆன இளம் போதகர். நல்ல மனிதர், ஆனால் ஒரு கண் எப்போதும் கைபேசியில் இருக்கும். மகள் மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். ஒருத்தரத் திசை மாத்தி வச்சுட்டா என்ன ஆகும்?"

போதகர் சிரித்தார். "ஒண்ணும் ஆகாது அண்ணே. கடல்ல போனவங்க, தீயில போனவங்க எல்லாரையும் எழுப்பறவருக்குத் திசை ஒரு பொருட்டா?"

"அப்போ எதுக்கு ஐயா எல்லாரையும் கிழக்கு பாத்து வைக்கச் சொல்றீங்க?"

"அது ஒரு வழக்கம். நம்பிக்கையோட அடையாளம்."

"வழக்கமா?" அப்பா தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒவ்வொண்ணுக்கும் நூல் பிடிச்சு வெட்டியிருக்கேன் ஐயா."

போதகர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். இப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அண்ணே, யாரையாவது மாத்தி வச்சுட்டீங்களா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. குடும்பத்துக்காரங்க காதுல விழுந்தா, எங்கப்பா எப்படி இருக்கார், எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. கமிட்டி சும்மா விடாது."

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அப்பா ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தார். சொல்லிவிடுவார் என்று மகள் நினைத்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் இருந்தது, சொல்லக் கூடாது என்றும் இருந்தது.

"இல்ல ஐயா," என்றார் அப்பா. "சும்மா ஒரு பேச்சுக்கு."

வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். இரண்டாம் தடவையும் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவரின் முதுகு அது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் மட்டும் என்ன செய்தாள்? நிறுத்திய வரியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.

*

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. இப்போது அவர் குழி வெட்டுவதில்லை. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. அக்கரைக்காரர்தான் இரண்டு தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறார். அப்பா ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நூல் கோணாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

ஆனால் போதகரைப் பார்த்த அந்த மாதக் கடைசியில் அவர் கையில் இன்னும் தெம்பு இருந்தது. அம்மாவின் கல் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, தூக்கி நிமிர்த்த வேண்டும் என்று கமிட்டியிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு போன மகள், கல் ஓரமாகக் கிடப்பதையும் குழி இடுப்பளவு இறங்கியிருப்பதையும் பார்த்தாள். அப்பா விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டிருந்தார். மண்வெட்டி குழிக்குள் கிடந்தது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"திருப்பலாம்னு பாத்தேன்."

"யாராவது வந்துடுவாங்கப்பா."

"திருப்பலை. பயப்படாதே." வியர்வையைத் துடைத்தார். "அஞ்சு வருஷத்துல என்ன மிஞ்சும், ஏழு வருஷத்துல என்ன மிஞ்சும்னு இந்த ஊர்ல என்னைவிட யாருக்குத் தெரியும்? பெட்டி இருக்காது. திருப்பறதுன்னா ஆள் முழுசா இருக்கணும். பொறுக்கித்தான் மாத்தி வைக்கணும். அவளப் பொறுக்க என் கைக்கு வரலை."

அவள் டப்பாவைக் கல்லின்மேல் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் வழக்கத்துக்கு மீறி முதலில் பேசினாள்.

"அம்மா ஆலயத்துல எப்பவும் திரும்பித்தானப்பா உக்காந்திருப்பா."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே கோணியது. முகத்தைத் தோளில் திருப்பித் துடைத்துக்கொண்டார்.

"அதுதான் பயமே. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்து எந்திரிப்பாங்க. அவ இந்தப் பக்கம் பாத்து எந்திரிப்பா. பின்வரிசைக்காரங்க முகமெல்லாம் தெரியும். எல்லாரும் அவ தலைக்கு மேல எதையோ பாத்துட்டு இருப்பாங்க. என்னன்னு இவளுக்குத் தெரியாது. ஒருத்தனும் இவளப் பாக்க மாட்டான். 'என்ன, என்ன'ன்னு கேப்பா. யார் பதில் சொல்வா?"

புகைபோக்கியிலிருந்து புகை தாழ்வாகப் போனது. அவர் குழிக்குள் இறங்கி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து மேலே ஏறினார். மண்ணைத் திரும்பத் தள்ள ஆரம்பித்தார். அவளும் கையால் தள்ளினாள். பாதிக் குழி நிரம்பியதும் பக்கத்திலிருந்த வெறும் நிலத்தை மண்வெட்டியால் தட்டிக் காட்டினார். அந்த இடம் அவருக்கு என்று கமிட்டி எப்போதோ ஒதுக்கியிருந்தது.

"என்னை இங்கதான் வைப்பாங்க. சரியா வச்சாங்கன்னா என் கால் அவ தலைமாட்டுல இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கமா எந்திரிப்போம். அது வேண்டாம். என்னையும் தலை கிழக்கே வைக்கச் சொல்லு. தோளோட தோள் இருந்தாத்தான் முழங்கையக் கிள்ள முடியும். 'முன்னாடி பாருடி'ன்னு நான் சொல்லித் திருப்பிக்கறேன்."

"எழுதி வச்சிடலாம்பா," என்றாள் அவள் அவசரமாக. "அலுவலகத்துல, ரெண்டு பாஷையிலயும் தட்டி, நீங்க கையெழுத்துப் போட்டு..."

"எழுதினா மேசைக்குள்ள வச்சு மூடிடுவாங்க. வழக்கமில்லம்பாங்க. போதகருக்குத்தான் அப்படி வைக்கலாம்பாங்க. வாயால சொல்லணும். எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

அவள் குனிந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நாற்பது பேர், குடைகள், கயிறு எல்லாம் கண்முன் வந்தன.

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"என் பெட்டி அடியில போய் உக்காந்ததும் 'உருவட்டுமா'ன்னு கேப்பாங்க," என்றார். "அப்போ மட்டும் தலைய ஆட்டிடாதேம்மா."